அறிவியல் புனைவு ரசிகர் எழுத்தும் பரிந்துரை மரபும்: ஸ்டார் டிரெக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புகழ்பெற்ற அறிவியல் புனைவுத் தொடர்களின் பாத்திரங்களையும் உலகையும் கொண்டு அத்தொடர்களின் ரசிகர்கள் ஊதியமின்றி எழுதும் கதைகள் ரசிகர் புனைவு எனப்படுகின்றன. பதிப்பாளர், விற்பனை, மதிப்புரை இதழ் ஆகிய மூன்றும் இல்லாத இவ்வெழுத்துலகில் எது வாசிக்கத்தக்கது எனத் தெரிந்தெடுக்கும் பணியை வாசகர்களே செய்கின்றனர். அப்பணியின் வடிவமே பரிந்துரை. அமெரிக்காவில் ஸ்டார் டிரெக் தொடரைச் சுற்றி 1967 முதல் வளர்ந்த ரசிகர் இதழ்ப் பண்பாட்டையும் பின்னர் அது இணையத்திற்குப் பெயர்ந்ததையும் சான்றாகக் கொண்டு, பரிந்துரை ஒரு திறனாய்வு வடிவமாகவும் நூலடைவாகவும் இயங்குவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ரசிகர் புனைவு, பரிந்துரை, ஸ்டார் டிரெக், ரசிகர் இதழ், குறிச்சொல், ஆவணக்காப்பு.

முன்னுரை

ரசிகர் பண்பாடு குறித்த கல்விசார் ஆய்வு 1992-ஆம் ஆண்டில் இரு நூல்களால் உறுதியான அடித்தளம் பெற்றது. ஒன்று ஹென்றி ஜென்கின்ஸ் எழுதிய ‘டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்’; மற்றொன்று கமில் பேக்கன்-ஸ்மித் எழுதிய ‘என்டர்பிரைசிங் விமன்’. பிறர் நிலத்தில் புகுந்து வேட்டையாடுதல் என்னும் உருவகத்தை மிஷேல் த சர்த்தோவிடமிருந்து பெற்ற ஜென்கின்ஸ், ரசிகரைச் செயலற்ற நுகர்வோராக அன்றிப் பொருளை ஆக்கும் வாசகராகக் காட்டினார். பேக்கன்-ஸ்மித் தம் களஆய்வின்வழி, இவ்வெழுத்தைப் படைப்போரும் படிப்போரும் பெரும்பாலும் பெண்களே என்பதை வெளிப்படுத்தினார்.

இவற்றைத் தொடர்ந்த ஆய்வுகள் பலவும் ‘ரசிகர் ஏன் எழுதுகிறார்’ என்னும் வினாவையே முதன்மையாகக் கொண்டன. ‘எழுதப்பட்டது வாசகரை எவ்வாறு அடைகிறது’ என்னும் வினா அதற்கு இணையான கவனத்திற்கு உரியது. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்னும் இணையக் காப்பகத்தில் மட்டும் 2019-ஆம் ஆண்டில் படைப்புகளின் எண்ணிக்கை 50 இலட்சத்தைக் கடந்தது. தெரிந்தெடுத்தல் இல்லையேல் இத்துணைப் பெரிய தொகுதி வாசிக்க இயலாத ஒன்றாகிவிடும்.

அஞ்சல்வழிப் பண்பாடு

ஸ்டார் டிரெக் தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மூன்று பருவங்களில் 79 பகுதிகள் வெளிவந்தபின் 1969-இல் நிறுத்தப்பட்டது. தொடர் முடிவதற்கு முன்பே, 1967-இல், ‘ஸ்பாக்கனேலியா’ என்னும் ரசிகர் இதழ் தோன்றியது. டெவ்ரா லாங்சம், ஷெர்னா கமர்ஃபோர்டு ஆகிய இருவர் இதனைத் தொகுத்தனர். ஸ்டார் டிரெக்கிற்கென வெளிவந்த முதல் ரசிகர் இதழாக இது கருதப்படுகிறது.

அறிவியல் புனைவு ரசிகர்கள் தட்டச்சு செய்து, படியெடுத்து, அஞ்சலில் அனுப்பிய சிற்றிதழ்களின் மரபு 1930-களிலேயே தொடங்கியது. ஆனால் அவ்விதழ்களில் பெரிதும் இடம்பெற்றவை மடல்களும் விவாதங்களும் சொந்தக் கதைகளுமே. பிறர் படைத்த பாத்திரங்களைக் கொண்டு தொடர்ந்து கதை புனையும் வழக்கத்தை வேரூன்றச் செய்தவை ஸ்டார் டிரெக் இதழ்களே. தொடர் நிறுத்தப்பட்டது இவ்வழக்கத்தைத் தளர்த்தவில்லை, தூண்டியது எனலாம். புதிய பகுதிகள் வாராத நிலையில் வாசகர்கள் தாமே அவற்றை எழுதத் தலைப்பட்டனர். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடைபெற்ற முதல் பெரிய ஸ்டார் டிரெக் மாநாட்டிற்குச் சில நூறு பேர் வருவர் என எதிர்பார்க்கப்பட்டது; 3,000-க்கும் மேற்பட்டோர் வந்தனர்.

இவ்விதழ்கள் கடைகளில் கிடைக்கவில்லை. அச்சுச் செலவையும் அஞ்சல் செலவையும் ஈடுசெய்யும் அளவிலேயே விலை வைக்கப்பட்டது. எங்கோ ஓர் ஊரில் ஒருவர் வெளியிடும் இதழை அறிவதற்கே வழிகாட்டி ஒன்று தேவைப்பட்டது. ‘ஸ்டார் டிரெக் வெல்கமிட்டி’ என்னும் தன்னார்வ அமைப்பு, புதிய ரசிகர்களின் மடல்களுக்கு விடையளித்து இதழ்களின் முகவரிகளை வழங்கியது. ‘இன்டர்ஸ்டாட்’ போன்ற மடல் இதழ்களில் வாசகர்கள் தாம் படித்த கதைகளைப் பற்றி எழுதினர். ரொபர்ட்டா ரோகோ தொகுத்த ‘டிரெக்சின்டெக்ஸ்’ இதழ்களில் வெளிவந்த கதைகளை அடைவுபடுத்தியது. வழிகாட்டல், மதிப்பீடு, அடைவு ஆகிய இம்மூன்றுமே பின்னாளில் பரிந்துரை என்னும் ஒரே வடிவில் ஒன்றுகூடின.

கலைச்சொல் ஆக்கமும் மதிப்பீடும்

ரசிகர் எழுத்துலகம் தனக்கெனத் திறனாய்வுச் சொற்களையும் உருவாக்கிக்கொண்டது. 1973-இல் ‘மெனாஜரி’ இதழில் பாலா ஸ்மித் எழுதிய ‘எ டிரெக்கிஸ் டேல்’ என்னும் மிகச்சிறிய நையாண்டிக் கதையின் தலைவி மேரி சூ. பதினைந்தரை வயதிலேயே விண்கலத்தில் அதிகாரியாகி, அனைவரின் அன்பையும் பெற்று, எல்லாச் சிக்கலையும் தீர்த்து, அனைவரும் அழ மாண்டுபோகும் பாத்திரம் அவள். எழுதுபவரின் ஆசைகளையே பாத்திரமாக்கும் கதைகளைப் பகடி செய்ய எழுந்த இப்பெயர், இன்று பொதுத் திறனாய்விலும் கலைச்சொல்லாக வழங்குகிறது. அதேவேளையில், ஆண் நாயகர்களின் பேராற்றல் இயல்பாகக் கொள்ளப்பட, பெண் பாத்திரத்தின் ஆற்றல் மட்டும் இச்சொல்லால் எள்ளப்படுகிறது என்னும் மறுப்பும் ரசிகர்களிடையிலிருந்தே எழுந்தது. தன் அளவுகோலையே மறுபரிசீலனை செய்யும் திறனாய்வுச் சமூகமாக அது முதிர்ந்தமைக்கு இது சான்றாகும்.

வகைப்பெயர்களும் இவ்வாறே தோன்றின. கிர்க், ஸ்போக் ஆகிய இருவரிடையே காதல் உறவைப் புனையும் கதைகளைச் சுட்ட, அவ்விரு பெயர்களின் முதலெழுத்துகளுக்கிடையே சாய்கோடு இடப்பட்டது. அக்கோட்டின் ஆங்கிலப் பெயரான ‘ஸ்லாஷ்’ என்பதே பின்னர் ஒரு வகைமையின் பெயராயிற்று. விரும்புவோர் தேடிப் பெறவும் விரும்பாதோர் தவிர்க்கவும் அக்குறியீடு உதவியது. வகைப்பெயர் ஒரே நேரத்தில் அழைப்பாகவும் எச்சரிக்கையாகவும் நின்றது. இவ்விரட்டைப் பணி இன்றைய குறிச்சொற்களிலும் தொடர்கிறது.

பரிந்துரையின் அமைப்பு

ரசிகர் பரிந்துரை பெரும்பாலும் ஒரு நிலையான அமைப்பைப் பின்பற்றுகிறது. படைப்பின் தலைப்பு, எழுதியவரின் புனைபெயர், மூலத்தொடர், முதன்மைப் பாத்திரங்கள், நீளம், வாசகர் வயதுத்தகுதி, உள்ளடக்க எச்சரிக்கை ஆகியன முதலில் அமையும். பின்னர், பரிந்துரைப்பவர் அக்கதையைத் தேர்ந்ததற்கான காரணத்தை ஓரிரு பத்திகளில் எழுதுவார். மூலத்தொடரை அறியாதவரும் படிக்கலாமா என்னும் குறிப்பும் இடம்பெறுவதுண்டு.

தமிழ் நூன்மரபை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு முற்றிலும் புதியதன்று. நன்னூல் கூறும் சிறப்புப்பாயிரம் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டினை உணர்த்த வேண்டும். இவற்றுள் வழி என்பது மூலத்தொடரோடும், கேட்போர் என்பது வாசகர் தகுதிக் குறிப்போடும் ஒப்புநோக்கத்தக்கவை. நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோருள் ஒருவரே சிறப்புப்பாயிரம் செய்தற்குரியர் என நன்னூல் வரையறுக்கிறது. ரசிகர் பரிந்துரையும் பிறரால் செய்யப்படும்போதே மதிப்புப் பெறுகிறது. இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை. நூலுக்கும் வாசகர்க்கும் இடையே நம்பத்தக்க மூன்றாமவர் ஒருவர் நிற்க வேண்டும் என்னும் தேவை இரண்டிற்கும் பொது என்பதே இவ்வொப்பீட்டின் பயன்.

வேறுபாடும் உண்டு. பாயிரம் செய்வோரின் தகுதி கல்விவழித் தொடர்பால் அமைகிறது. பரிந்துரைப்போரின் தகுதியோ அவருடைய முந்தைய பரிந்துரைகளால் மட்டுமே அமைகிறது. ஒருவர் சுட்டிய பத்துக் கதைகள் தம் சுவைக்கு ஒத்திருந்தால் பதினொன்றாவதையும் வாசகர் நம்பிப் படிக்கிறார். பட்டமோ பதவியோ இன்றி, வாசிப்பினால் மட்டுமே ஈட்டப்படும் அதிகாரம் இது.

எண்ணிக்கையும் நம்பிக்கையும்

1998-இல் தொடங்கப்பட்ட ஃபேன்ஃபிக்ஷன்.நெட் தளம் பல தொடர்களின் ரசிகர் கதைகளை ஓரிடத்தில் குவித்தது. ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் வொர்க்ஸ் என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு 2007-இல் நிறுவப்பட்டது. அதன் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் 2009 நவம்பரில் சோதனை நிலையில் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. அறிவியல் புனைவுத் துறையின் ஹ்யூகோ விருதுகளுள் ஒன்றை, தொடர்புடைய சிறந்த படைப்பு என்னும் பிரிவில், 2019-இல் இக்காப்பகம் பெற்றது.

இக்காப்பகத்தில் எழுதுவோர் தாம் விரும்பும் சொற்களையே குறிச்சொற்களாக இடுவர். ஒரே பொருளைச் சுட்டும் வெவ்வேறு சொற்களைத் தன்னார்வலர்கள் ஒரு பொதுச்சொல்லின்கீழ் இணைப்பர். வாசகர் ஒரு படைப்பைத் தம் பட்டியலில் சேர்க்கும்போது அதனைப் பரிந்துரையாகக் குறிக்கவும் வசதி உண்டு. ஆனால் வாசகரின் பழக்கத்தைக் கண்காணித்து ‘அடுத்து இதைப் படிக்க’ எனத் தானே முன்வைக்கும் பொறிமுறை அங்கு இல்லை.

பாராட்டுகளின் எண்ணிக்கைப்படி கதைகளை வரிசைப்படுத்தும் வசதி உள்ளது. எனினும் அவ்வெண்ணிக்கை மதிப்பின் நேரளவு ஆகாது. வாசகர் மிக்க தொடரின் சராசரிக் கதை, வாசகர் குறைந்த தொடரின் மிகச்சிறந்த கதையைவிட மிகுதியான பாராட்டுகளைப் பெறும். முன்னரே வெளிவந்த கதைக்குக் காலத்தின் சாதகம் உண்டு. பட்டியலின் மேலே உள்ளது மேலும் படிக்கப்பட்டு மேலேயே நிற்கும். இச்சுழலை உடைப்பது தனிமனிதப் பரிந்துரையே. எண்ணிக்கை பலரும் விரும்பியதைக் காட்டுகிறது. பரிந்துரை சிலரே கண்டதைப் பலர்க்கும் காட்டுகிறது.

பரிந்துரைக்கு ஒரு குறையும் உண்டு. ஊதியமின்றி எழுதுபவரைப் பொதுவெளியில் கடிந்துரைத்தல் முறையன்று என்னும் எண்ணம் ரசிகரிடையே பரவலாக உள்ளது. ஆகவே பரிந்துரை புகழ்வதையே மேற்கொள்கிறது. பிடிக்காததைச் சொல்லாமல் விடுகிறது. இதனால் அறிமுக எழுத்தாளர் அஞ்சாமல் எழுதும் சூழல் உருவாகிறது. மறுபுறம், கதையின் குறைகளை நுணுகி ஆராயும் உரையாடல் மங்குகிறது. ஸ்டார் டிரெக் இதழ்க் காலத்து நையாண்டியும் விவாதமும் தந்த கூர்மை இன்றைய பரிந்துரையில் குறைவு என்பதை மறுத்தல் அரிது.

உரிமையும் ஊதியமின்மையும்

ரசிகர் புனைவு காப்புரிமையின் எல்லையோரத்தில் வாழ்கிறது. மூலப்படைப்பின் உரிமையாளர் எல்லாக் காலத்தும் ஒரே நிலைப்பாட்டை எடுத்ததில்லை. 1976-இல் ரசிகர் கதைகளின் தொகுப்பான ‘ஸ்டார் டிரெக்: தி நியூ வாயேஜஸ்’ பான்டம் பதிப்பகத்தின் வழி வணிக நூலாகவே வெளிவந்தது, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அதற்கு முன்னுரை எழுதினார். மாறாக, 1981-இல் ஸ்டார் வார்ஸ் ரசிகர் இதழ்களில் வெளிவந்த பாலியல் சார்ந்த கதைகளுக்கு லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் மடல்வழி எதிர்ப்புத் தெரிவித்தது.

திரைவடிவில் பூசல் கூர்மையடைந்தது. ‘ஆக்சனார்’ என்னும் ரசிகர் திரைப்பட முயற்சி பொதுமக்களிடமிருந்து பத்து இலட்சம் டாலருக்கும் மேல் திரட்டியது. 2015 டிசம்பரில் அதன்மீது வழக்குத் தொடரப்பட்டது. நியாயமான பயன்பாடு என்னும் வாதம் இதற்குப் பொருந்தாது என நீதிமன்றம் 2017 ஜனவரியில் கூறியபின் இருதரப்பும் உடன்பாடு கண்டன. இடையில் 2016-இல் உரிமையாளர்கள் வெளியிட்ட நெறிமுறை, ரசிகர் படத்தின் ஒரு பகுதி 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது எனவும், திரட்டும் நிதி 50,000 டாலருக்கு மிகக் கூடாது எனவும் வரையறுத்தது.

பணம் புகும் இடத்திலேயே சகிப்பு முடிவடைகிறது என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன. ஆகவே பரிந்துரையாளருக்கும் ஊதியமின்மை இன்றியமையாததாகிறது. விற்பனை நோக்கம் இல்லாமையே அவருடைய சொல்லுக்கு நம்பகத்தன்மை அளிக்கிறது. அதுவே இப்பண்பாட்டின் காப்பாகவும் அமைகிறது.

மறைந்த படைப்புகளும் எஞ்சிய பட்டியல்களும்

இணையம் எதையும் மறவாது என்பது பொதுநம்பிக்கை. ரசிகர் எழுத்தின் வரலாறு அதற்கு மாறானது. 2007-இல் லைவ்ஜர்னல் நிறுவனம் நூற்றுக்கணக்கான பதிவேடுகளை முன்னறிவிப்பின்றி முடக்கியது. அவற்றுள் ரசிகர் குழுக்களும் இருந்தன. பல பின்னர் மீட்கப்பட்டாலும், பிறர் இடத்தில் குடியிருப்பதன் இடர் உணரப்பட்டது. 2009-இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது தனியார் நடத்திய எண்ணற்ற கதைத்தளங்கள் மறைந்தன. 2019-இன் இறுதியில் யாஹூ குழுமங்களின் பழைய உள்ளடக்கம் அகற்றப்படலாயிற்று.

இந்நிலையில் பழைய பரிந்துரைப் பட்டியல்கள் எதிர்பாராத பயன் பெறுகின்றன. இணைப்பு இயங்காவிடினும் தலைப்பு, எழுதியவர், கதைப்பொருள், வாசகர் பாராட்டிய கூறு ஆகியன அங்கு எஞ்சுகின்றன. உரையாசிரியர்களின் சுட்டல்களால் மட்டுமே பெயரறியப்படும் மறைந்த தமிழ் நூல்கள் பல என்பதை மயிலை சீனி. வேங்கடசாமியின் தொகுப்பு காட்டுகிறது. அந்நூல்களை அறிந்தோர்க்கு இத்தகைய சுட்டலின் அருமை புலப்படும். ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் வொர்க்ஸ் நடத்தும் ‘ஓப்பன் டோர்ஸ்’ திட்டம், அழியும் நிலையிலுள்ள தளங்களைக் காப்பகத்திற்கு மாற்றுகிறது. அச்சிட்ட ரசிகர் இதழ்களை அயோவா பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்பு பேணுகிறது. ஆயினும் கதைகள் காக்கப்படும் அளவிற்குப் பரிந்துரைகள் காக்கப்படுவதில்லை. அவை படைப்புகளாக அன்றி உரையாடல்களாகக் கருதப்படுவதே இதற்குக் காரணம்.

முடிவுரை

ஸ்டார் டிரெக் ரசிகர் பண்பாட்டின் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளை எட்டலாம். முதலாவதாக, பரிந்துரை என்பது இணையத்தின் விளைபொருள் அன்று. அஞ்சல்வழி இதழ்க் காலத்து வழிகாட்டல், மதிப்பீடு, அடைவு ஆகியவற்றின் தொகுவடிவம் அது. இரண்டாவதாக, அதன் அதிகாரம் பதவியாலோ எண்ணிக்கையாலோ அன்றி, வாசிப்பால் ஈட்டிய நம்பிக்கையால் அமைகிறது. மூன்றாவதாக, படைப்பு அழிந்தபின்னும் அதன் வாசிப்பு வரலாற்றுக்குச் சான்றாவது அதுவே. ஆகவே ரசிகர் எழுத்தை ஆராய்வோர் கதைகளோடு நின்றுவிடாது, அவற்றைச் சுட்டிய வாசகரின் குறிப்புகளையும் தரவாகக் கொள்ளுதல் வேண்டும். அத்தரவு கதைகளைவிட விரைவில் மறைவது என்பதால், அதனைத் தொகுக்கும் பணியைக் காலம் தாழ்த்த இயலாது.