இடது பக்கம் திரும்பினால் கடல்!

மே மாசம் வந்தாலே ஜோடிகளுக்கு ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு... இந்த மூணை விட்டா நாட்டுல வேற ஊரே இல்லையோன்னு தோணும். மலைப்பாதை டிராஃபிக்ல நின்னு, போட் ஹவுஸ் க்யூவுல நின்னு, தேவையே இல்லாத ஒரு ஸ்வெட்டரை வாங்கிக்கிட்டு இறங்கி வர்றதுக்கு அக்னி நட்சத்திரமே தேவலாம்! 'சென்னையிலேர்ந்து தனுஷ்கோடி வரைக்கும், கடலோரமா, ஸ்கூட்டர்ல' என்று வீட்டில் சொன்னதும் கிடைத்த பதில்: 'ரெண்டு பேருக்கும் மூளை கீளை இருக்கா?'

இருந்தது. கூடவே ஒரு 110 சி.சி. ஸ்கூட்டர், ரெண்டு ஹெல்மெட், ஆறு நாள் லீவு. கல்யாணம் ஆகி எங்களுக்கு முதல் கோடை. காலேஜ்ல பழகி, ரெண்டு வீட்டையும் நாலு வருஷம் கெஞ்சி நடந்த கல்யாணம். அதனால மாமியார் முன்னாடி 'வாங்க, போங்க'. வண்டியில ஏறினதும் 'டேய்'தான்!

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். கிழக்குக் கடற்கரைச் சாலைங்கற பேர்ல இருக்கிற கடல், ரோட்டுல ரொம்ப நேரம் இல்லை. முட்டுக்காடு பாலத்துல கொஞ்சம் தண்ணி தெரியும். அதுக்கப்புறம் தெற்கே போகப் போக கடல் உங்க இடது கைப் பக்கம், பங்களா காம்பவுண்டுக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டே கூட வரும். பார்க்கணும்னா மெயின் ரோட்டை விட்டு இடது பக்கம் திரும்பியே ஆகணும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு குப்பம், ஒரு டீக்கடை, நாலு படகு.

அதனால கிளம்பும்போதே ஒரு சட்டம் போட்டுக்கிட்டோம். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆள் மாறணும். ஹேண்டில்பார் யார் கையில இருக்கோ, திரும்பறதா வேண்டாமாங்கறது அவங்க இஷ்டம். பின் சீட்டுக்குக் கருத்துச் சொல்ல மட்டும்தான் உரிமை!

பொண்டாட்டி ஓட்டி, புருஷன் பின்னாடி உட்கார்ந்து வந்தா நம்ம ஊர் எப்படிப் பார்க்கும்னு தெரிஞ்சிக்க ஆசையா? கல்பாக்கம் தாண்டினதும் சீட் மாத்திப் பாருங்க. பஸ் ஜன்னல்ல தலைகள் முளைக்கும். பெட்ரோல் பங்க்ல நான் பணம் நீட்டினா, மீதியை அவன்கிட்ட கொடுக்கிறாங்க. டீக்கடையில ஒரு பெரியவர் அக்கறையா, "தம்பிக்குக் கையில அடியா?" என்றார். "இல்லீங்க, அவ நல்லா ஓட்டுவா" என்றான். பெரியவர் நம்பின மாதிரி தெரியலை.

இன்னொண்ணு... கிண்டல் பண்ணாம கேளுங்க. பெண்கள் இந்த மாதிரி ட்ரிப் போக யோசிக்கிறது வெயிலுக்காக இல்லை, பாத்ரூமுக்காக. 'கழிவறை' என்று போர்டு இருக்கும், பூட்டும் இருக்கும். சாவி வெச்சிருக்கிறவர் சாப்பிடப் போயிருப்பார். இதுக்குப் பயந்துக்கிட்டுத் தண்ணி குடிக்காம வண்டி ஓட்டினா மே மாச வெயில்ல மயக்கம்தான். ஹோட்டல் எங்கே தெரிஞ்சாலும், பசிக்கலைன்னாலும் ஒரு காபிக்கு நின்னுடறதுன்னு வெச்சுக்கிட்டோம். ஆறு நாள்ல எத்தனை காபின்னு கணக்கு வேண்டாம்.

நேரக் கணக்கு இன்னும் முக்கியம். காலையில அஞ்சு மணிக்கு வண்டியை எடுத்தா பத்து மணிக்குள்ள ஓரம் கட்டிடணும். மதியத்துக்கு மேல கடல் காத்து உள்ளே வரும். நாலு மணிக்கு மறுபடி கிளம்பி இருட்டறதுக்குள்ள ஊர் சேர்ந்துடணும். ராத்திரியில இந்த ரோட்டுல ஆடு, மாடு, அதைவிட வேகமா கார். வேண்டவே வேண்டாம். நுங்கு, நீர்மோர், தர்பூசணி... வழி பூரா நிழலும் இதுவும்தான் துணை.

கடப்பாக்கத்துல இடது பக்கம் திரும்பினா ஆலம்பரைக் கோட்டை. 18-ஆம் நூற்றாண்டுல பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த துறைமுகக் கோட்டை. 1760ல் இங்கிலீஷ்காரங்க இடிச்சுப் போட்டது அப்படியே கிடக்கு. செங்கல் சுவர் மேல உட்கார்ந்தா உப்பங்கழி, அதுக்கு அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டு, அதுக்கும் அந்தப் பக்கம் கடல். அங்கேதான் ஒண்ணு கவனிச்சேன். தன் முறை வரும்போதெல்லாம் இவன் கோட்டை, கலங்கரை விளக்கம்னு திருப்பறானே தவிர, மணல்ல இறங்க மாட்டேங்கிறான். ஷூவைக் கழட்டவே இல்லை.

மரக்காணத்துல ரோட்டுக்குப் பக்கத்துலயே உப்பளம். பாத்தி பாத்தியா தண்ணி, நடுவுல வெள்ளை வெள்ளையா குவியல். கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு ரெண்டு நிமிஷம் பார்க்கவே கண் கூசுது. அதுக்குள்ள நின்னு நாள் முழுக்க வேலை பார்க்கிறவங்க கண் என்ன ஆகும்? பாண்டிச்சேரியைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, விட்டுடறேன். ஒரே ஒரு டிப்ஸ்: பாண்டியிலயும் காரைக்கால்லயும் பெட்ரோல் நம்மூரைவிட மலிவு, டேங்க்கை அங்கே ரொப்பிக்கங்க!

அன்னிக்கு ராத்திரி ஒரு லாட்ஜ்ல நடந்ததைச் சொல்லியே ஆகணும். எந்த ஊர்னு வேண்டாம். ரெண்டு பேர் ஆதாரையும் வாங்கிப் பார்த்த ரிசப்ஷன்காரர், "உங்களது ஒரு அட்ரஸ், அவங்களது வேற அட்ரஸ். அவங்க கார்டுல அவங்க அப்பா பேர்ல்ல இருக்கு?" என்றார். ஏன் சார், கல்யாணம் ஆனா அப்பா மாறிடுவாரா? என் கழுத்தைப் பார்த்தார். செயின் துப்பட்டாவுக்குள்ள இருந்தது. எடுத்துக் காட்டவான்னு ஒரு செகண்ட் கை போச்சு. காட்டலை. மொபைல்ல இருந்த மேரேஜ் சர்டிஃபிகேட்டை அவன் காட்டின பிறகுதான் சாவி வந்தது. கல்யாணம் ஆகாத ரெண்டு மேஜர்கள் ஒரே ரூம்ல தங்கறதுகூடக் குற்றம் இல்லைன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2019லயே சொல்லியாச்சு. கோர்ட் சொன்னது அந்தக் கவுன்ட்டர் வரைக்கும் இன்னும் வந்து சேரலை. கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுட்டு ரூம் போடுங்க. சர்டிஃபிகேட் காப்பி ஒண்ணு பையில இருக்கட்டும். கோபம் வரும்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு நடுத்தெருவுல நின்னு சட்டம் பேசற தெம்பு எல்லாருக்கும் இருக்காது.

படகுகளுக்கு லீவு

தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க 1620ல் கட்டின கோட்டை. சாயங்கால வெளிச்சத்துல அதன் மஞ்சள் சுவரைப் பார்க்கணுமே! ஆனா என் கண் கரையில நின்ன படகுங்க மேலதான் போச்சு. வழி நெடுக எல்லாத் துறைமுகத்துலயும் விசைப்படகுகள் வரிசையா நிக்குது. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கடற்கரையில விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக. முன்னாடி 45 நாளா இருந்தது, 2017லேர்ந்து 61 நாள். நமக்கு சம்மர் லீவு, படகுக்கும் லீவு! நாட்டுப் படகும் ஃபைபர் படகும் மட்டும் கிட்டக்க போயிட்டு வரும். ஹோட்டல் போர்டுல 'ஃப்ரெஷ் வஞ்சிரம்' பார்த்தா ரொம்பக் குதிக்காதீங்க. அது கேரளாவுலேர்ந்து ஐஸ்ல பயணம் பண்ணி, உங்களைவிட டயர்டா வந்திருக்கும்.

இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது என் மாமியார். அவங்க ஊர் நாகப்பட்டினம். கடலோரக் குப்பத்துல இருந்த வீடு போய், இப்ப உள்ளே தள்ளி சுனாமி குடியிருப்புல இருக்காங்க. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. அரைப் பரீட்சை லீவுக்கு இவன் திருவாரூர்ல பாட்டி வீட்டுல இருந்தான். நாலாங்கிளாஸ். திரும்பி வந்தப்போ சித்தி இல்லை. கூட கிரிக்கெட் ஆடின பசங்கள்ல அஞ்சு பேர் இல்லை. தமிழ்நாட்டுலயே அதிகமா இழந்தது நாகை மாவட்டம்தான், ஆறாயிரம் பேருக்கு மேல. இந்தக் கதை எனக்குக் காலேஜ் நாள்லயே தெரியும். ஆனா அதுக்கப்புறம் இவன் கடல்ல கால் வைக்கலைங்கறது அந்த ஆறு நாள்லதான் தெரிஞ்சது. மெரினாவுல என் கூட உட்கார்ந்தவன்தான். மணல்லயே உட்கார்ந்திருக்கோம், அவ்வளவுதான். நானும் யோசிச்சதில்லை.

அடுத்த நாள் காலையில ஓட்டற முறை என்னுது. துறைமுகத்துக்குப் போற ரோடு இடது பக்கம். சட்டப்படி முடிவு என் கையில. "போலாமா?" என்றேன். பதில் இல்லை. வண்டியை ஓரமா நிறுத்தினேன். என்ன சொல்றதுன்னு தெரியாத ஒரு நிமிஷம்... அதுக்கப்புறம் வீட்டுக்கே திருப்பிட்டேன்.

வாசல்ல நின்ன அத்தைக்கு எப்படிப் புரிஞ்சதோ! "அவன் கிடக்கான், நீ வா, நான் காட்டறேன்" என்று சேலையைச் செருகிக்கிட்டு, ஹெல்மெட்டைத் தலைகீழா மாட்டி, எடுத்துச் சரியா மாட்டி, பின்னாடி ஏறிட்டாங்க. அறுபது வயசுல முதல் முறையா மருமக ஓட்டற வண்டியில! குப்பத்துப் பொம்பளைங்க எல்லாம் அத்தையை நிறுத்தி நிறுத்தி விசாரிச்சாங்க. படகுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க, வலை முடையறாங்க, இன்ஜினைப் பிரிச்சுப் போட்டிருக்காங்க. எந்தப் படகு யாருது, அந்த வீட்டுல யார் இருக்கா, யார் இல்லைன்னு அத்தை சொல்லிக்கிட்டே வந்தாங்க, ரேஷன் கார்டு படிக்கிற மாதிரி.

அரை மணி நேரம் கழிச்சு அவன் வந்தான். நடந்தே. கையில மூணு டீ. கடல் பக்கம் திரும்பலை. ஒரு படகு மேல ஏறி, பெயின்ட் அடிச்சிட்டிருந்தவர்கிட்ட ஏதோ பேச ஆரம்பிச்சிட்டான். மதியம் அத்தை வெச்ச மத்திக் குழம்பைப் பத்தித் தனியா ஒரு கட்டுரை எழுதலாம்.

உப்பு, நெப்போலியன், கடல் பசு

வேதாரண்யத்துல கோடைதான் சீசன். உப்பு விளையற நேரம். வெயில் ஏறறதுக்கு முன்னாடி வேலையை முடிக்கணும்னு இருட்டுலயே பாத்திக்குள்ள இறங்கிடறாங்க. 1930 ஏப்ரல்ல ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலேர்ந்து நடந்தே வந்து உப்பு எடுத்த ஊர் இது. சித்திரை வெயில், நடை! ஸ்கூட்டர்ல வந்ததுக்கே முதுகுவலின்னு புலம்பிட்டிருந்த நாங்க ரெண்டு பேரும் அந்தத் தூபியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டோம்.

'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு அடுத்த ஊர் பேரைச் சொன்னாலே போதும்: கோடியக்கரை. பூங்குழலி படகு விட்ட ஊர்! வலசைப் பறவைங்க குளிர்காலத்துக்குத்தான் வரும். மே மாசம் போனா வெளிமான்களைத்தான் பார்க்கலாம். அங்கே இருந்த பழைய சோழர் கால கலங்கரை விளக்கத்தையும் 2004 அலை தள்ளிடுச்சு.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் தாண்டினா மல்லிப்பட்டினம் பக்கத்துல மனோரா. நெப்போலியனை இங்கிலாந்து ஜெயிச்சதுக்காக, தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1814-15ல் கட்டின கோபுரம். எங்கேயோ நடந்த சண்டைக்கு, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கோபுரம்! நெப்போலியனுக்கே தெரிஞ்சிருக்காது. எதிர்ல தெரியற கடல்தான் ஆச்சர்யம். அலையே இல்லை, ஏரி மாதிரி கிடக்கு. இந்தப் பாக் விரிகுடாவுலதான் கடல் பசுக்களுக்காக 448 சதுர கிலோமீட்டரை 2022ல் காப்பகமா அறிவிச்சிருக்காங்க. வழி பூரா தென்னந்தோப்பு. 2018 நவம்பர்ல கஜா புயல் சாய்ச்சதுக்கு அப்புறம் வெச்ச கன்னுங்களும் நடுவுல நிக்குது. பழைய மரம் எது, புது மரம் எதுன்னு உயரத்தை வெச்சே கண்டுபிடிச்சிடலாம்.

மீமிசல், தொண்டி, தேவிபட்டினம்... சீக்கிரமே ஓடிடுச்சு. ராமநாதபுரம் வந்ததும் காத்து மாறிடுது. பாம்பன் ரோடு பாலத்துல ஸ்கூட்டரைப் பக்கவாட்டுல தள்ளற காத்து. ஹேண்டில்பாரைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு மெதுவாப் போங்க.

முன்னெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோட ரோடு முடிஞ்சிடும், மணல்ல வேன்லதான் போகணும். 2017லேர்ந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு. இருட்டறதுக்கு முன்னாடி போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பிடுவாங்க, காலையிலயே போயிடுங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல ஒரு பாசஞ்சர் ரயிலையே கடல் விழுங்கின இடம். கூரை இல்லாத சர்ச் சுவர் மட்டும் நிக்குது. பக்கத்துலயே ஓலைக் குடிசை போட்டு, சங்கு மாலை வித்துக்கிட்டு, மீன் பிடிச்சுக்கிட்டு ஜனங்க இருக்காங்க. இந்த ரோட்டுல மட்டும் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான். வலது பக்கம் மன்னார் வளைகுடா, கச்சான் காத்துல தூக்கித் தூக்கி அடிக்குது. இடது பக்கம் சத்தமே இல்லை. "அது ஆண் கடல், இது பெண் கடல்" என்றார் மாங்காய் விற்கிற அம்மா. அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான். "ரொம்பச் சிரிக்காதீங்க தம்பி, ஐப்பசி கார்த்திகையில வந்து பாருங்க. இது ஆடும், அது அடங்கிடும்" என்றார் அந்த அம்மா.

மாங்காயைத் தின்னு முடிச்சிட்டு ஷூவைக் கழட்டினான். இடது பக்கம்தான். கணுக்கால் வரைக்கும், ரெண்டு நிமிஷம் இருக்கும். நான் போட்டோ எடுக்கலை. (நீங்க யாரும் அங்கே குளிக்க மட்டும் இறங்கிடாதீங்க, நீரோட்டம் மோசம்.)

திரும்பி வர ஸ்கூட்டர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். அறுநூறு கிலோமீட்டரைத் தாண்டின முதுகு ரெண்டும் ஒரே குரல்ல கெஞ்சுச்சு. 2025 ஏப்ரல்ல புது பாம்பன் பாலம் திறந்ததுலேர்ந்து ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் ஓடுது. வண்டியைப் பார்சல்ல போட ஆர்.சி. புக் காப்பி, அடையாள அட்டை வேணும். சாக்குச் சுத்தி பேக் பண்ணணும். டேங்க்ல ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது. காரைக்கால்ல மலிவா ரொப்பினதுல மிச்சம் இருந்த ஒரு லிட்டரை, ஸ்டேஷன் வாசல்ல நின்ன ஆட்டோக்காரர் கேனோட வந்து வாங்கிக்கிட்டுப் போனார்.