கடாரக் கடலில் தீவுவிட்டுத் தீவு: இருநாட்டுப் படகுப் பயணத்தைத் திட்டமிடும் முறை

விடுமுறைப் பயணம் என்பது நம் பகுதியில் முன்பு உறவினர் இல்லத்துக்குச் செல்வதாகவே இருந்தது. பினாங்கில் உறவுடையோர் பினாங்கு சென்று மீண்டனர். இன்றோ, பினாங்கு வரை சென்றவர் அங்கிருந்து லங்காவிக்கும், அதனைக் கடந்து தாய்லாந்தின் லீப்பே தீவுக்கும் செல்ல விழைகின்றனர். சோழர் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிக்கும் கெடா மாநிலத்தைச் சேர்ந்ததே லங்காவி. அதற்கு வடமேற்கே, படகில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத் தொலைவில் லீப்பே உள்ளது. வரைபடத்தில் இவ்விரண்டும் அண்டை வீடுகளாகவே தோன்றும். அத்தோற்றத்தை நம்பித் திட்டமிடுவோர் எங்கெங்கே இடறுகின்றனர் என்பதைக் காண்போம்.

முதலில் நோக்கத்தக்கது பருவம். ஆங்கிலத்தில் வழங்கும் 'மான்சூன்' என்னும் சொல், காலம் எனப் பொருள்படும் 'மௌசிம்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்ததாகும். தமிழில் நாமும் பருவக்காற்று என்றே வழங்குகிறோம். காற்றையும் காலத்தையும் பிரித்தறியாத அக்கடலோடிகளின் அறிவு, இன்றைய பயணிக்கும் தேவையானதே. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். ஆதலின் லங்காவி–லீப்பே படகு மழையற்ற மாதங்களில் மட்டுமே ஓடுகிறது. லீப்பேயிலிருந்து லந்தா, ஃபி ஃபி தீவுகள் வழியாகப் புக்கெட் செல்லும் விரைவுப் படகுகளும் அக்காலத்துக்கே உரியவை. நம் கல்லூரிகளின் கோடை விடுமுறையோ ஏப்ரல் இறுதியில் தொடங்குகிறது! மே மாதத்து மலிவு விலை அறைகளைக் கண்டு மயங்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து சீனப் பயணிகள் 47 பேர் மாண்டனர். அதற்கு முன்னரே வானிலை எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது.

அடுத்தது நுழைவாயில். லங்காவியின் வடகரையில் நின்றால் தாய்லாந்தின் தருத்தாவ் தீவு கண்ணுக்குத் தெரியும். இடைவெளி பத்துக் கிலோமீட்டரும் இராது. எனினும் நேரே அங்குச் சென்று இறங்குதல் இயலாது. குடிநுழைவு அலுவலகம் உள்ள துறையில் கடவுச்சீட்டில் முத்திரை பெற்ற பின்னரே ஒரு நாட்டின் மண்ணை மிதிக்கலாம். 2023ஆம் ஆண்டின் இறுதியில் இருநாடுகளும் இந்தியருக்கு விசா விலக்கு அளித்தன. இத்தகைய சலுகைகள் காலவரையறைக்கு உட்பட்டவை. புறப்படுமுன் அன்றைய விதியைத் தூதரக அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். இவையன்றி, வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டிய வருகை அட்டை இருநாடுகளிலும் உண்டு. தாய்லாந்தில் இது 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பினாங்கிலிருந்து லீப்பே சென்று மீண்டும் பினாங்கு வழியே ஊர் திரும்புவோர் மலேசியாவுக்குள் இருமுறை நுழைகின்றனர். ஆகவே மலேசிய அட்டையையும் இருமுறை நிரப்புதல் வேண்டும். பலரும் மறப்பது இவ்விரண்டாம் அட்டையையே.

முதியோரை உடன் அழைத்துச் செல்வோர் கரையிறங்கும் முறையையும் கேட்டறிதல் நலம். நாம் சென்றபோது பெரிய படகு லீப்பேயின் கரையை அணையவில்லை. கடலில் மிதக்கும் மேடையில் இறக்கிவிட்டனர். அங்கிருந்து, நீண்ட தண்டில் எந்திரம் பொருத்திய சிறு மரப்படகில் ஏறி, முழங்கால் அளவு நீரில் இறங்கி நடந்தோம். மூட்டுவலியுடைய எம் பெரியத்தாவை இருவர் தாங்கிப் பிடிக்க நேர்ந்தது. கடவுச்சீட்டும் மருந்தும் நனையாத பையில், கழுத்தில் தொங்கவேண்டும் என்பதை அங்கேதான் கற்றோம்.

எல்லாவற்றினும் நம்மை வருத்தியது கடிகாரமே. மேற்கு மலேசியா 1982 முதல் தாய்லாந்தினும் ஒரு மணி நேரம் முந்திய நேரத்தைப் பின்பற்றுகிறது. லீப்பேயில் மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். ஐந்தரைக்கு லங்காவியின் குவா துறையை அடைந்து, ஏழு மணிக்குக் கோலப் பெர்லிஸ் செல்லும் கடைசிப் படகைப் பிடித்து, இரவே பினாங்கு சேர்வது நம் கணக்கு. நாம் இறங்கியபோது அங்கே மணி ஆறரை. குடிநுழைவு வரிசையைக் கடந்து வெளிவரும்போது கடைசிப் படகு போய்விட்டது. மறுநாள் விடியற்காலைப் பினாங்கு விமானத்தில் நம் குடும்பத்தார் ஒன்பதின்மரின் இருக்கைகளும் வெறுமையாகவே சென்றன. அப்பணத்தில் ஒரு காசும் மீளவில்லை. 1985இல் தீவிபத்துக்குள்ளாகி நின்றுபோன 'சிதம்பரம்' கப்பலில் நாகையிலிருந்து பினாங்கு சென்றவர் பெரியத்தா. "அந்நாளில் நாள்கணக்காய்க் கடலில் கிடந்தும் தவறவில்லை, இன்று ஒரு மணி நேரத்தில் தவறிவிட்டோமே" என்றார். யாரும் மறுமொழி கூறவில்லை.

இனிச் செல்வோர் வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்பது நம் கருத்து. பினாங்கின் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் பாடாங் பெசார் செல்க. இருநாட்டுக் குடிநுழைவும் அந்நிலையத்திலேயே முடியும். அங்கிருந்து வேறு ரயிலில் ஹட்யாய், பின் சாலை வழியே பாக் பாரா துறை, அங்கிருந்து படகில் லீப்பே. மீளும்போது படகில் லங்காவிக்கு வந்து, அங்கு ஓரிரவேனும் தங்கி, மறுநாள் பினாங்கு சேர்தல் வேண்டும். விமானம் அதற்கும் மறுநாள் இருக்கட்டும். படகு நின்றாலும் பிந்தினாலும் அவ்விரண்டு இரவுகள் ஈடுகொடுக்கும். லங்காவி 1987 முதல் சுங்கவரியற்ற தீவு. உறவினருக்கு மிட்டாய் வாங்கும் வேலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மழை மாதங்களில் புறப்பட நேர்ந்தால் லீப்பேயை விட்டுவிடுக. கோலப் பெர்லிஸ், கோலக் கெடா ஆகிய துறைகளிலிருந்து லங்காவிக்குப் படகு ஆண்டு முழுவதும் உண்டு.