மாதாமாதம் வரும் வலியும் தாய்மையும்



சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில், பொழுது விடியுமுன்னே கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் ஏறும் பெண்களில் பலர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் இளம் வயதினர். மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் அடிவயிறு பிசைந்து, இடுப்பு ஒடிந்துவிடும்போல் வலித்தாலும், ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு லைனில் நிற்பவர்கள் அவர்களுள் உண்டு. லீவு போட்டால் சம்பளம் போகும். வீட்டில் சொன்னாலோ, “கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாகிவிடும்” என்ற பதிலே கிடைக்கும்.

அந்தப் பதில் சரிதானா?

இந்நோய் என்ன?

கருப்பையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அது மாதந்தோறும் வளர்ந்து, கரு தங்காதபோது உதிர்ந்து இரத்தத்துடன் வெளியேறுகிறது. இதுவே மாதவிலக்கு. சில பெண்களுக்கு அதே போன்ற சவ்வு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் கருக்குழாய்களின் மேலும் குடலைச் சுற்றியும் வளர்ந்துவிடுகிறது. இதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். 1920களில் ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இப்பெயரை வழங்கினார்.

இடம் மாறி வளர்ந்த இச்சவ்வும் மாதந்தோறும் கசிகிறது. ஆனால் அந்த இரத்தம் வெளியேற வழியில்லை. ஆகவே அவ்விடம் புண்ணாகி, தழும்பேறி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கினால் ‘சாக்லேட் கட்டி’ உண்டாகிறது. உலகில் பிள்ளைப்பேறு வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவிகிதத்தினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பத்துப் பேர் தங்கும் விடுதி அறையில் ஒருவர் என்று எண்ணிக்கொள்ளலாம். ஆயினும் நோய் இன்னதென்று கண்டறியப்படுவதற்குள் பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

கருத்தரிக்க முடியுமா?

முடியும். இந்நோயுள்ள பெண்களில் பலர் எந்தச் சிகிச்சையுமின்றியே தாயாகிறார்கள். ஆனால் கருக்குழாய் ஒட்டிக்கொண்டாலோ, சினைப்பை பாதிக்கப்பட்டாலோ கருத்தரிப்பது தாமதமாகலாம். வலியைக் குறைக்கத் தரப்படும் ஹார்மோன் மாத்திரைகள் அவற்றை உட்கொள்ளும் காலத்தில் கருத்தரிப்பைத் தடுக்கும். ஆகவே குழந்தை வேண்டும் என்ற விருப்பத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை உதவுகிறது. குழந்தை தாமதமானால் பழியைப் பெண்ணின் தலையில் மட்டும் சுமத்துவது தகாது. கணவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கர்ப்ப காலத்தில்

கர்ப்பம் தரித்தபின் மாதவிலக்கு நின்றுவிடுவதால் பலருக்கு வலி தணிகிறது. எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. இந்நோய் உள்ளவர்களுக்கு நான்கு காரியங்களில் ஆபத்து சற்றே கூடுதல். முதலாவது, தொடக்க மாதங்களில் கரு கலைதல். இரண்டாவது, கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கிவிடுதல். மாதவிலக்கு தள்ளிப்போன நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், இரத்தக்கசிவு ஆகியவை தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மூன்றாவது, நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்தபடி கீழே அமைதல். நான்காவது, குறைப்பிரசவம்.

இவற்றைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு இவை நேர்வதில்லை. இந்நோய் உள்ளது என்பதற்காகத் தனியே கூடுதல் பரிசோதனைகள் தேவை என்றும் மருத்துவ வழிகாட்டிகள் சொல்வதில்லை. வழக்கமான பரிசோதனைகளுள் ஒன்றையும் தவறவிடாதிருப்பதே முக்கியம். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி இருக்குமிடம் தெரியும். அது கீழே இருந்தாலும், கருப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலே நகர்ந்துவிடும். ஆகவே பிற்பாடு மீண்டும் ஒரு ஸ்கேன் பார்ப்பார்கள். மாதவிலக்கு வலிக்கு வழக்கமாகக் கடையில் வாங்கிய மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் தாமாக உட்கொள்ளக் கூடாது.

பிரசவமும் அதன் பின்னும்

இந்நோய் இருப்பதால் மட்டுமே சிசேரியன் தேவையில்லை, சுகப்பிரசவம் சாத்தியமே. நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்திருந்தால் சிசேரியன்தான் பாதுகாப்பானது. உறுப்புகள் ஒட்டியிருந்தாலோ முன்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, சிசேரியன் சற்றுக் கடினமாகலாம். அத்தகைய பெண்கள் இரத்த வங்கியுள்ள பெரிய மருத்துவமனையில் பிரசவிப்பது நல்லது. இப்பகுதியினருக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில் உள்ளது.

தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு தாமதமாகும், வலியும் ஒதுங்கியிருக்கும். மாதவிலக்கு திரும்பும்போது வலியும் திரும்பலாம். “பிள்ளை பெற்றும் வலிக்கிறதா?” என்று அவளைச் சந்தேகிக்கக் கூடாது. நோய் தீரும் என்பதற்காக மட்டும் கர்ப்பம் தரிக்கும்படி பெண்களுக்கு ஆலோசனை கூறக் கூடாது என்று, ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவர்களின் சங்கம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியும் தெளிவாகக் கூறுகிறது. குழந்தை ஒரு மருந்தல்ல.

நாம் செய்யக்கூடியது

மாதவிலக்கின்போது வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாத அளவு வலி, மலம் கழிக்கும்போது வலி, தாம்பத்தியத்தில் வலி ஆகியவை மாதந்தோறும் தொடர்ந்தால் பெண் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. மூலம் பேறுகாலத்தில் 26 வாரங்கள் சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைக்கும். கர்ப்பத்தாலோ குறைப்பிரசவத்தாலோ நோயுற்றால் மேலும் ஒரு மாதம் வரை பெறலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை.

உங்கள் மகளோ மருமகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ அடுத்த மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால், “எல்லாருக்கும் உள்ளதுதானே” என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை நாட்களாக இப்படி என்று கேளுங்கள். கேட்டபின் அவளோடு கூடவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.