ஆயிலில் தண்ணீர், புகையில் நீராவி: படகு என்ஜினின் ‘ஹெட்’ விரிசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஜூன் 15. 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து, தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மறுபடி கடலுக்குக் கிளம்பும் நாள். டீசல், ஐஸ், வலை, சமையல் சாமான் எல்லாம் ஏற்றியாச்சு. கடைசியாக டிரைவர் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் தூக்கலான டீ நிறத்தில் இருக்கிறது. “ஹெட் போச்சுப்பா” என்கிறார் பக்கத்தில் நிற்பவர்.

இப்படியொரு காட்சி எந்தத் துறைமுகத்திலும் நடக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பி ஹெட்டைக் கழற்றினால் பல நாள் வேலை முடங்கும். பங்கு முறையில் கூலி வாங்குபவர்களுக்கு, படகு போகாத நாளில் வருமானம் இல்லை. கழற்றிய பிறகு ‘ஹெட் நல்லாத்தான் இருக்கு’ என்று தெரிந்தால் எல்லாமே வீண். அதே சமயம், உண்மையான விரிசலைக் கண்டுகொள்ளாமல் கிளம்பினால் நடுக்கடலில் என்ஜின் நின்றுவிடும். அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது?

சிலிண்டர் ஹெட் என்ன வேலை செய்கிறது?

என்ஜினுக்கு மேல் போல்ட் போட்டு இறுக்கிய கனமான இரும்பு மூடிதான் ஹெட். வால்வுகளும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் இதில்தான் உட்கார்ந்திருக்கும். இதன் அடிப்பக்கத்தில் டீசல் எரியும்போது வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சில மில்லிமீட்டர் தள்ளி, உள்ளே ஓடும் தண்ணீரோ 80, 90 டிகிரியில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய இரும்புச் சுவர்தான்.

ஏன் விரிசல் விடுகிறது?

சூடானால் இரும்பு விரியும். அரை மீட்டர் நீள ஹெட், 80 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.4 மி.மீ. நீளும். ஒரே சீராக நீண்டால் பிரச்சினை இல்லை. குளிர்விக்கும் தண்ணீர் குறைந்து ஓர் இடம் மட்டும் அதிகம் சூடானால், அந்த இடம் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள இரும்பு விடாது. இந்த இழுபறியில்தான் இரும்பு கிழிகிறது. பெரும்பாலும் இரண்டு வால்வுகளுக்கு நடுவில் அல்லது வால்வுக்கும் இன்ஜெக்டர் துளைக்கும் நடுவில் விரிசல் விழும்.

கொதிக்கும் என்ஜினில் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் ஹெட்டைப் பிளக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் நீராவி முகத்தில் அடிக்கும். என்ஜினை நிறுத்தி ஆறவிடுவது மட்டுமே பாதுகாப்பு.

உப்பா, இனிப்பா?

படகு என்ஜினுக்கு மட்டும் ஒரு கூடுதல் துப்பு உண்டு. பல படகு என்ஜின்களில் இரண்டு தண்ணீர் ஓட்டங்கள் இருக்கும். என்ஜினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீரும் கூலன்ட்டும். அதைக் குளிர்விப்பது ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர்’ வழியாக ஓடும் கடல் தண்ணீர். இந்த வகை என்ஜினில் ஹெட்டுக்குள் கடல் தண்ணீர் போவதே இல்லை.

ஆகவே, சிலிண்டருக்குள் இருப்பது உப்புத் தண்ணீர் என்றால், சந்தேகம் முதலில் புகைக்குழாய் பக்கம் போக வேண்டும். கடல் தண்ணீர் கலக்கும் எக்ஸாஸ்ட் எல்போ அரித்து ஓட்டையாகியிருக்கலாம். ஆயிலில் உப்புத் தண்ணீர் என்றால் ஆயில் கூலரையோ கடல்நீர் பம்பின் சீலையோ பார்க்க வேண்டும். கூலன்ட் கலந்திருந்தால்தான் கேஸ்கெட், ஹெட் மீது சந்தேகம் வலுக்கும். கூலன்ட்டுக்கு நிறமும் லேசான இனிப்பு வாசனையும் இருக்கும். அது விஷம்; நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. கடல் தண்ணீரை நேரடியாக உள்ளே ஓடவிடும் பழைய வகை என்ஜினில் இந்தத் துப்பு செல்லாது.

கழற்றும் முன் என்ன பார்க்கலாம்?

* குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால், தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா? எரியும் வாயு தண்ணீருக்குள் கசிகிறது என்று அர்த்தம்.
* என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? அது நீராவியாக இருக்கலாம். எரியாத டீசலும் வெள்ளையாகப் புகையும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.
* கூலிங் சிஸ்டத்தில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினால், வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் முள் இறங்குகிறதா? அப்படியென்றால் கசிவு உள்ளேதான்.
* இன்ஜெக்டரைக் கழற்றி, சிலிண்டருக்குள் காற்றை அழுத்தினால் (லீக் டவுன் டெஸ்ட்) எந்த சிலிண்டரில் கசிவு என்று தெரிந்துவிடும்.

இத்தனையும் செய்தாலும் கேஸ்கெட்டா, ஹெட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும். ஆனால் புகைக்குழாய், ஆயில் கூலர் கோளாறுகளை இந்தக் கட்டத்திலேயே பிரித்துவிடலாம்.

பட்டறையில் என்ன நடக்கும்?

முதலில் கார்பன், துரு எல்லாம் சுத்தம் செய்வார்கள். பிறகு சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் சிவப்புக் கோடாக வெளியே வரும். இரும்பு ஹெட் என்றால் காந்தமும் இரும்புத் துகளும் வைத்தும் பார்க்கலாம். கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் பிரஷர் டெஸ்ட்: தண்ணீர்த் துளைகளை அடைத்து, காற்றை ஏற்றி, சுடுதண்ணீரில் முக்குவார்கள். குளிரில் மூடிக்கிடக்கும் விரிசல், சூட்டில் திறந்து குமிழி விடும்.

வால்வுகளுக்கு நடுவே தெரியும் மயிரிழைக் கோடெல்லாம் ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. சில தயாரிப்பாளர்கள் அளவு குறிப்பிட்டு அதை அனுமதிக்கிறார்கள். சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் ஹெட்டைத் தூக்கிப்போட வேண்டாம்.

சரிசெய்ய முடியுமா?

வார்ப்பிரும்பை நேரடியாக வெல்டிங் செய்தால் பக்கத்திலேயே புது விரிசல் விழும். முழு ஹெட்டையும் பல நூறு டிகிரிக்குச் சூடேற்றி, வெல்டிங் முடிந்ததும் மிக மெதுவாக ஆறவிட வேண்டும். இன்னொரு வழி ‘மெட்டல் ஸ்டிச்சிங்’. சூடே இல்லாமல், விரிசல் நெடுகத் துளையிட்டு, ஒன்றையொன்று கவ்வும் திருகாணிகளால் தைப்பது. வெளிப்பக்க விரிசலுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். வால்வு சீட், இன்ஜெக்டர் துளை வரை விரிசல் ஓடியிருந்தால், புது ஹெட் வாங்குவதுதான் பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

எதைச் செய்தாலும் மறுபடி பிரஷர் டெஸ்ட் கட்டாயம். அடிப்பரப்பு வளைந்திருக்கிறதா என்று பார்த்துச் சமப்படுத்தி, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவல் சொல்லும் வரிசையில், டார்க் ரென்ச்சால் பல கட்டமாக இறுக்க வேண்டும். கெட்டுப்போன ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியாக வேண்டும்.

முக்கியமான கேள்வி

என்ஜின் ஏன் சூடானது? இதற்குப் பதில் தெரியாமல் புது ஹெட் மாட்டினால் அதுவும் பிளக்கும். பம்பின் ரப்பர் இம்பெல்லர் இதழ் உடைந்திருக்கலாம். உடைந்த துண்டு போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரை அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். கடல்நீர் உள்ளே வரும் துளையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம்.

கடலில் இருக்கும்போது சூடு முள் ஏறினால் ‘கரைக்குப் போய்ப் பாத்துக்கலாம்’ என்று ஓட்டுவதுதான் ஹெட்டைக் கொல்கிறது. நிறுத்திவிட்டு விஎச்எஃப் சேனல் 16-ல் உதவி கேட்கலாம். சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணுக்கு அழைக்கலாம்.

படகு கரையில் கிடக்கும் அந்த 61 நாளில் இம்பெல்லரையும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் ஒருமுறை கழற்றிப் பார்க்க, சில மணி நேரம் போதும்.