திருப்பூர் தந்த கல்வி மந்திரி

தமிழைப் பள்ளிகளில் உயர்ந்த பீடத்தில் ஏற்றிவைக்கப் பாடுபட்ட ஒரு மனிதரே, அதே பதவிக்காலத்தில், தமிழுக்குத் தீங்கிழைத்தவர் என்ற பெரும் பழியையும் சுமக்க நேர்ந்த சம்பவம் நமது கல்விச் சரித்திரத்தில் ஒன்று உண்டு. 1946 முதல் 1949 வரை, முதலில் பிரகாசம் மந்திரிசபையிலும், பிறகு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபையிலும் சென்னை மாகாணத்தின் கல்வி இலாகாவை வகித்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரைப் பற்றியே சொல்கிறேன். கொங்கு நாடு அவரை ஒரு வள்ளலாகவும் ஸ்தாபகராகவும் நினைவில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசியல் நினைவோ அவரை 1948-ஆம் ஆண்டின் இந்தி உத்தரவோடு பிணைத்து வைத்திருக்கிறது. இவ்விரண்டு நினைவுகளும் ஒன்றையொன்று சந்திக்காமலே இருந்து வருவது அவருக்கும் நியாயமன்று, நமக்கும் நன்மையன்று.

1903-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி திருப்பூரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று, வக்கீல் தொழிலில் சௌகரியமாக வாழ்ந்திருக்கக்கூடிய அவர், காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டுப் பலமுறை சிறை சென்றார். விவாகம் செய்துகொள்ளாமலே வாழ்நாள் முழுவதையும் கல்விப் பணிக்கு ஒப்படைத்தார். 1930-இல் கோவையில் ஒரு சிறிய குருகுலமாக, ஹரிஜனச் சிறுவருக்கும் தொடக்கத்திலேயே இடமளித்து, அவர் ஆரம்பித்த ஸ்தாபனமே இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயம். 1934-இல் ஹரிஜன யாத்திரையாகக் கோவைக்கு எழுந்தருளிய காந்தியடிகள் அதற்கு அஸ்திவாரக்கல் நாட்டினார். பைகாரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்து, கோவையைச் சுற்றிலும் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகிக்கொண்டிருந்த காலம் அது. பணம் ஈட்டும் வழிகள் கண்ணெதிரே திறந்து கிடந்த அந்நாளில், கைத்தொழிலும் வழிபாடும் படிப்பும் ஒன்றுகூடிய ஒரு விடுதிப் பள்ளியைக் கட்டுவதிலே ஓர் இளைஞர் தம் சொத்தையும் சிரத்தையையும் செலவிட்டார் என்பதை எண்ணும்போது, அவருடைய பிற்காலத்துப் பிடிவாதத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது. தம் கருத்து நல்லதென்று திடமாக நம்புகிறவர், பிறர் அதை ஏற்கத் தாமதிப்பதைச் சுலபத்தில் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

அவர் மந்திரியான பொழுது சென்னை மாகாணம் என்பது தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்னும் நான்கு மொழி வழங்கும் பிரதேசங்களின் தொகுதியாக இருந்தது. இத்தனை மொழியினருக்கும் பாடத்திட்டம் வகுத்துப் பள்ளிகளை நடத்தும் இலாகாவின் சார்பில் சென்னை நகரத்துச் செக்ரடேரியட்டிலிருந்து பிறக்கும் ஒவ்வோர் உத்தரவும், கடலோரக் குப்பத்துப் பள்ளி முதல் ஆனைமலை அடிவாரத்துப் பள்ளி வரையில் போய்ச் சேர வேண்டும். அத்தகைய அதிகாரம் கையில் வந்தவுடன், உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழியே போதனா மொழியாக வேரூன்ற வேண்டுமென்றும், காந்தியடிகளின் ஆதாரக் கல்வி பரவ வேண்டுமென்றும் அவர் முனைந்து நின்றார். ஆங்கிலம் ஒன்றே அறிவின் வாசல் என்று படித்தவர்கள் நம்பியிருந்த காலத்தில் இது சாமானியமான துணிவன்று.

ஆயினும் 1948-இல், பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கும் உத்தரவு பிறந்தது. மேல்வகுப்புக்குத் தேறுவதற்கு அதில் குறைந்தபட்ச மதிப்பெண் பெற வேண்டுமென்ற நிபந்தனையும் கூடவே வந்தது. 1938-இல் ராஜாஜி இட்ட இந்தி உத்தரவும், அதை எதிர்த்துச் சிறை சென்று 1939-இல் உயிர் துறந்த நடராசன், தாளமுத்து என்னும் இளைஞர் இருவரின் மரணமும், 1940-இல் அந்த உத்தரவு வாபஸ் பெறப்பட்டதும் தமிழர் மனத்தில் பசுமையாக இருந்த நேரத்தில், அதே பாதையில் மீண்டும் கால் வைத்தது விவேகமான காரியமன்று. ஜூலை மாதம் 17-ஆம் தேதி திராவிடர் கழகம் கூட்டிய மாநாட்டின் பின்னே கிளர்ச்சி மூண்டது. காங்கிரஸிலே ஊறி வளர்ந்த திரு. வி. க.வும் ம. பொ. சிவஞானமும் எதிர்ப்புக்கு ஆதரவளித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்; கறுப்புச் சட்டை அணிந்த கழகத்தாரின் கூச்சல் என்று அதை ஒதுக்கிவிட இடமில்லாமற் போயிற்று. ஆகஸ்டு 27-ஆம் தேதி பெரியாரும் அண்ணாதுரையும் கைது செய்யப்பட்டார்கள். டிசம்பரில் மறுபடியும் கைதுகள் நிகழ்ந்து, மாத இறுதியில் ஒரு சமரசம் ஏற்பட்டுக் கிளர்ச்சி நிறுத்தப்பட்டது. 1950-51-ஆம் கல்வியாண்டு முதல் இந்தி விருப்பப் பாடமாயிற்று.

உத்தரவிட்ட மந்திரி திருப்பூர்க்காரர், எதிர்த்து நின்ற தலைவரான பெரியார் ஈரோட்டுக்காரர். இரண்டு ஊர்களும் அன்று ஒரே கோயம்புத்தூர் ஜில்லாவில் அடங்கியவை. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, தெற்கின் கவலையை எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் கோவைக் காங்கிரஸ்காரரான தி. அ. இராமலிங்கம் செட்டியார். ஆகவே, மொழி விஷயத்தில் கொங்கு மண் ஒரே குரலில் பேசியதில்லை. காந்தியடிகள் 1918 முதலே தெற்கில் நடத்திவந்த இந்திப் பிரசாரத்தை நிர்மாணத் திட்டத்தின் ஓர் அங்கமாக ஏற்றுக்கொண்ட அவினாசிலிங்கம் போன்ற ஒரு பக்தருக்கு, இந்தி கற்பது தேசபக்தியாகவே தோன்றியிருக்கும். அவருடைய நோக்கத்தில் களங்கம் காண்பதற்கில்லை. ஆனால், தானே விரும்பிக் கற்கிறவனுக்குத் தேசபக்தியாக இருப்பது, மதிப்பெண் குறைந்தால் வகுப்பில் நிறுத்திவைக்கப்படும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குத் தண்டனையாகிவிடுகிறது. அந்தக் குறைந்தபட்ச மதிப்பெண் நிபந்தனையே இந்த உத்தரவின் மிகப் பெரிய பிழை என்பது என் அபிப்பிராயம். அதற்கு மந்திரியாக இருந்தவரே பொறுப்பாளி. மத்திய சர்க்கார் தூண்டியது என்று சொல்லித் தப்ப முடியாது.

இத்தனைக்கும், அதே மந்திரி அந்த ஆண்டுகளிலேதான் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை ஸ்தாபித்து, தமிழிலே ஒரு கலைக்களஞ்சியம் வெளியிடும் மகத்தான முயற்சியில் இறங்கினார். பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றவர், ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் பிறந்து, வித்தியாலயத்தில் தலைமையாசிரியராகப் பணியாற்றிய பெரியசாமித் தூரன். வானசாஸ்திரமும் ரசாயனமும் வைத்தியமும் தத்துவமும் தமிழிலே எழுதப்பட முடியுமா என்று ஐயுற்றவர்களுக்கு வாதத்தினால் மறுமொழி கூறாமல், 1954 தொடங்கி 1968 வரையில் பத்துத் தொகுதிகளை வரிசையாக நூலகங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். அதன்பின் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் வெளிவந்தது. மந்திரி பதவி 1949 ஏப்ரலோடு போய்விட்டது. குமாரசாமி ராஜா மந்திரிசபையில் கல்வி இலாகா மாதவ மேனனிடம் சேர்ந்தது. எனினும் பதவி போனபின் இத்தனை ஆண்டுகள் இப்பணியை அவர் கைவிடவில்லை. பாரதியாரின் நூல்களைப் பொதுவுடைமையாக்கும் முடிவும் 1949-இல் அவர் கல்வி மந்திரியாக இருந்தபோதே எடுக்கப்பட்டது. பாடல்களின் இசைத்தட்டு உரிமையை வைத்திருந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் அதற்கென்று பணம் ஏதும் பெறாமல் விட்டுக்கொடுத்தார். இன்று பாரதி பாட்டை எவர் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம் என்ற சுதந்திரத்தில், இந்தி உத்தரவிட்ட கையின் பங்கும் இருக்கிறது.

பிறகு அவர் லோக்சபையிலும் ராஜ்யசபையிலும் அங்கம் வகித்தார். 1957-இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரி ஒன்றை நிறுவினார். அது 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1970-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1991 நவம்பரில் மறைந்தார்.

இவரைப் பற்றிக் கொங்கு நாட்டார் புகழ்ந்து பேசும் கூட்டங்களில் 1948 விட்டுப்போகிறது. மொழிப்போர் பற்றிய மேடைகளிலோ கலைக்களஞ்சியம் விட்டுப்போகிறது. அவர் மந்திரியாக இருந்த அந்த மூன்றாண்டுகளின் சென்னைச் சட்டசபை நடவடிக்கைகள் அச்சில் இருக்கின்றன. கிளர்ச்சிக்காரர்களின் பத்திரிகைகளும் இருக்கின்றன. கல்வி மந்திரியின் உத்தரவுகளையும் விளக்கங்களையும் ஒரு பக்கத்திலும், அவற்றுக்கு எழுந்த மறுப்புகளை எதிர்ப்பக்கத்திலும் வைத்து, எதையும் மறைக்காமல் ஒரு நூலாகத் தொகுக்கும் பணியை, அவர் வளர்த்த கல்விச் செல்வத்தில் பங்கு பெற்றிருக்கும் கோவைக் கல்லூரிகளுள் ஒன்றாவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.