அயல்நாட்டிற்குப் பார்சல் அனுப்பும் வகை

நமது கல்லூரியிற் பயின்று கடல் கடந்து சென்ற பழைய மாணவர்களுக்கு ஊரிலிருந்து ஒரு பெட்டி போய்ச் சேரவேண்டுமாயின், அதனைக் கட்டி முடிப்பது வேலையிற் பாதியேயாம். மற்றைப் பாதி ஒரு சிறு சீட்டிலே அடங்கியிருக்கின்றது. இதனை நாம் நூல்களிலிருந்து அறிந்தோமல்லோம்; பட்டே அறிந்தோம்.

வயலும் ஏரியுமாயிருந்த சிறுசேரியிலே இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்து நிற்பதை யாவரும் அறிவர். அங்கே உத்தியோகம் ஏற்ற இளைஞர் சிலர், இரண்டொரு வருஷங்களில் ஜெர்மனிக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் சென்றுவிடுகின்றனர். பெற்றோர் ஊரிலே இருக்கின்றனர். அவ்வாறு தனித்து வாழும் தாயார் ஒருவர், ஜெர்மனியிலுள்ள தம் மகனுக்கு ஒரு பெட்டி அனுப்ப விரும்பி, அவனுக்குப் பாடஞ் சொன்னவராகிய நம்மிடம் உதவி கேட்டார். மாமல்லபுரத்துக் கற்றச்சர் ஒருவரிடம் வாங்கிய சிறு கல் யானை ஒன்று, ஒரு புட்டி நெய், வீட்டிற் கிண்டிய பால்கோவா, அரிசி வடாம், இவையே பொருள்கள். நாம் அவற்றை வைக்கோலிட்டுப் பொதிந்து, தபாலாபீசிற் கொடுத்த சீட்டில் ‘பரிசுப் பொருள்’ என்று ஒரே சொல்லை எழுதி, கையெழுத்திடச் செய்து அனுப்பினோம். இரண்டு மாதத்திற்குப் பின் பெட்டி சிறுசேரிக்கே திரும்பி வந்தது. நெய் கசிந்திருந்தது, பால்கோவாவைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அம்மையார் நம்மை ஒரு சொல்லும் குறை கூறினாரில்லை; அதுவே நமக்கு அதிக வருத்தமாயிற்று. பின்னர்த் தபால் விதிகளைத் தேடிப் படிக்கலானோம்.

சர்வதேசத் தபால் சங்கம் 1874ஆம் வருஷத்தில் சுவிட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்தில் ஏற்பட்டது. இந்தியா 1876இல் அதிற் சேர்ந்தது. உலக முழுவதையும் தபாலின் பொருட்டு ஒரே நிலப்பரப்பாகக் கொள்ளுவதே அச்சங்கத்தின் மூலக் கொள்கை. ஆகவே, இங்கே ஒட்டிய தபால் தலைக்கு எந்த நாட்டுத் தபாற்காரரும் மதிப்புத் தருவர். ஆனால் சரக்கு அப்படியன்று. புறப்படும் நாட்டுச் சுங்கம் ஒன்று, சேரும் நாட்டுச் சுங்கம் ஒன்று, ஆக இரண்டு வாயில்களை அது கடத்தல் வேண்டும். அவ்வாயில்களில் இருப்போர் பெட்டியைக் காணுமுன் சீட்டையே காண்பர். அச்சீட்டுக்கு சி.என். 22, சி.என். 23 என்று பெயர். 2 கிலோ வரையுள்ள, விலை குறைந்த சிறு பொட்டலங்களுக்கு முன்னையது, பார்சல்களுக்குப் பின்னையது. 2021 தொடங்கி, சீட்டிலுள்ள விவரங்கள் மின்வழியாக முன்னதாகவே அயல்நாட்டிற்குச் செல்ல வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. பெட்டி விமானத்தில் ஏறுதற்கு முன்னரே, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள உத்தியோகஸ்தர் அதனுள் இருப்பது யாது என்று கேட்கின்றார் என்றே கொள்ளலாம். அவருக்கு நாம் ‘பரிசு’ என்று விடை கூறினோம்! பரிசு என்பது கொடுக்கும் முறையேயன்றி ஒரு பொருளின் பெயரன்று.

எழுதவேண்டிய முறை இதுவாகும்: ‘கருங்கல்லிற் செதுக்கிய யானை உருவம், புதியது, 1, எடை 900 கிராம், விலை 1,200 ரூபாய்.’ இவ்வாறே ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி எழுதி, எடையும் விலையும் குறித்தல் வேண்டும். இதனோடு சரக்கின் இன எண்ணும் கேட்பர். 1988 முதல் பல தேசங்களும் பொதுவாக வழங்கும் ஆறிலக்கப் பட்டியல் ஒன்றுண்டு. அதிலே கருங்கல் வேலைப்பாடு 6802 93 என்பதில் அடங்கும். மொழி அறியாத உத்தியோகஸ்தருக்கும் எண் விளங்கும். அனுப்புவோரின் அடையாளச் சான்றுக்கு ஒரு நகலும் உடன் கொண்டுசெல்லல் நலம்.

விலையைக் குறைத்தெழுதினால் தீர்வை மிச்சமாகும் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். பெட்டி காணாமற் போயின், எழுதிய விலைக்கு மேல் நஷ்டஈடு கிடையாது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. சிறு பரிசுகளுக்கு நேர்மையான வழியே உண்டு. தனிமனிதர் ஒருவர் மற்றொருவருக்கு விலை பெறாமல் அனுப்பும் பரிசு 45 யூரோவுக்கு உட்பட்டிருப்பின் ஐரோப்பிய ஒன்றியத்தில் தீர்வையுமில்லை, வரியுமில்லை. நம் யானைக்கு அந்த வரம்பே போதும். பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

இவ்வரம்புகள் நிலையானவை என்று நம்பிவிடவும் கூடாது. அமெரிக்க நாட்டில் 800 டாலர் வரையுள்ள சரக்குகள் தீர்வையின்றி நுழைந்துவந்தன. 2025 ஆகஸ்ட் 29ஆம் தேதி முதல் அச்சலுகை நீக்கப்பட்டது. தீர்வையை யார் வாங்குவது, எவ்வாறு செலுத்துவது என்பது தெளிவுபடாமையால், ஆகஸ்ட் 25 முதற்கொண்டே இந்தியத் தபால் இலாகா அந்நாட்டுக்குப் பார்சல் ஏற்பதை நிறுத்தி வைத்தது. அக்டோபர் 15இல், தீர்வையை அனுப்புவோரிடமே முன்னதாக வாங்கும் ஏற்பாட்டுடன் மீண்டும் தொடங்கிற்று. அவ்வருஷத்துத் தீபாவளிக்கு முன்னரே பட்சணம் அனுப்ப எண்ணியிருந்த தாய்மார் எத்தனை பேர் ஏமாந்தனரோ! ஆதலால் பெட்டி கட்டுமுன் தபாலாபீசில் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நலம்.

இனித் தின்பண்டங்கள். பாலும் இறைச்சியும் கலந்தவற்றை வெளிநாட்டுத் தனியார் பெட்டிகளில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. நம் நெய்யும் பால்கோவாவும் எவ்வளவு திருத்தமாகச் சீட்டெழுதினும் போய்ச் சேர்ந்திரா. பச்சைக் கறிவேப்பிலை போன்ற தழைகளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். வடாமுக்குத் தடையில்லை. சிங்கப்பூருக்கும் அமீரகத்திற்கும் மசாலாப் பொருள் அனுப்புவோர் கசகசாவை மறந்தும் சேர்க்கலாகாது. நம் அடுக்களையில் அது குருமாவுக்கு அரைக்கும் சாமான், அந்நாடுகளிலோ போதைப்பொருள் சட்டத்திற்குட்பட்டது.

வைக்கோலும் ஆகாது. அதனுள்ளே பூச்சியும் விதையும் ஒளிந்திருக்குமென்று ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் அதனை விலக்குகின்றன. பெரிய சிலைகளுக்கு மரச்சட்டம் அடிப்பதாயின், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி சென்டிகிரேடில் 30 நிமிஷம் சூடேறியிருத்தல் வேண்டும். அதற்குரிய முத்திரையும் மரத்திற் பொறித்திருத்தல் வேண்டும். சிலை எத்துணைச் சிறந்ததாயினும், முத்திரையில்லாச் சட்டத்தோடு சென்றால் துறைமுகத்திலேயே தங்கிவிடும். 20 கிலோவுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் தபாலில் ஏறா. கப்பல் முகவரையே நாட வேண்டும்.

மாமல்லபுரத்துச் சிலைகளுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. கற்றச்சர் பழைய வடிவங்களையே செதுக்குகின்றனர். எண்ணெய் பூசிக் கறுப்பேற்றினால் நேற்றைய வேலை பல்லவர் காலத்தது போலத் தோன்றும். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய சிலைகளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்பலாகாது. ஐயம் எழுந்தால், இது தொல்பொருளன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையினிடமிருந்து பெற்றுக் காட்டவேண்டும். அத்துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கின்றது. சிற்பக்கூடத்து ரசீதும் புகைப்படமும் கைவசம் இருப்பின் எளிது. தன் கைத்திறன் பழமையைப் போல் இருப்பதனாலேயே அது புதியதென்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை வேறெத் தொழிலாளிக்கும் உண்டோ, அறியோம். கடற்கரைக் கடைகளில் வாங்கும் பவளத்துண்டுகளைப் பெட்டியிலிடுவதும் குற்றமாகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கின்றது.

இரண்டாம் முறை பெட்டி கட்டும்போது அம்மையார் உள்ளே சென்று, துணியிற் சுற்றிய ஓலைச்சுவடி ஒன்றைக் கொணர்ந்தார். அவருடைய மாமனார் பார்த்து வைத்தியஞ் செய்த ஏடு. ‘பேரனிடம் இருக்கட்டும், ஐயா, எனக்குப் பின் இதை யார் வைத்திருப்பார்?’ என்றார். மேற்சொன்ன சட்டமே, சரித்திர, இலக்கிய மதிப்புடைய கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டு என்று வரையறுத்திருக்கின்றது. ஏடு அதனினும் மூத்தது என்பதில் ஐயமில்லை. போகக் கூடாது என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை, ஆயினும் சொன்னோம். சட்டம் நல்லதே; இத்தேசத்து ஏடுகளும் சிலைகளும் முன்னாளில் எவ்வளவோ போய்விட்டன. எனினும் அத்தாயார் ஏட்டைத் திரும்பத் துணியிற் சுற்றியதை நாம் மறக்க முடியவில்லை. நம் மாணவர் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுசேரிக்குச் சென்று, ஓலை ஓலையாகப் படமெடுத்து மகனுக்கு அனுப்பினர். ஏடு அம்மையாரின் மரப்பெட்டியிலேயே இருக்கின்றது.

யானையும் வடாமும் மட்டும், காகிதப் பொதிவுடன், ஒவ்வொன்றும் பெயரெழுதிய சீட்டோடு சென்றன. ரசீதிலே 13 எழுத்தும் இலக்கமுமாக ஒரு குறியீடு இருக்கும். முதலில் 2 ஆங்கில எழுத்து, நடுவே 9 இலக்கம், இறுதியில் இந்தியாவைக் குறிக்கும் 2 எழுத்து. அதைக்கொண்டு அம்மையார் தம் கைப்பேசியில் நாள்தோறும் பெட்டியின் போக்கைப் பார்த்துவந்தார். பதினேழாம் நாள் அது சேர்ந்தது; தீர்வை கேட்கப்படவில்லை. யானையின் துதிக்கை நுனி மட்டும் சிறிது உதிர்ந்திருந்ததாம். அது சுங்கத்தார் செய்ததன்று; நாம் பொதிந்த குறை.