போவதும் வருவதும் ஒரே மூலக்கூறு

கருநிறக் கோரியன் பலகையில் லேசரால் ஒரு பெயரைப் பொறித்தால், எழுத்துகள் சாம்பல் கலந்த வெண்மையில் பளிச்சென்று தெரியும். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்; எழுத்து மங்கி, பலகையின் நிறத்தோடு கலக்கத் தொடங்கும். காய்ந்ததும் வெண்மை திரும்பிவிடும். அந்த வெண்மைக்குச் சாயம் எதுவும் காரணமில்லை. பொறித்த குழிக்குள் தங்கிய நுண்பொடி ஒளியைச் சிதறடிப்பதால் வரும் தோற்றம் அது. பொடியின் இடுக்குகளில் காற்று இருக்கும்வரை ஒளி நன்றாகச் சிதறும். காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்தால் ஒளிவிலகல் வேறுபாடு குறைந்து, அடியில் இருக்கும் கருமை எட்டிப்பார்க்கும். வெள்ளைப் பலகையிலோ வெள்ளைமேல் வெள்ளையாக எழுத்தே சரியாகத் தெரியாது. அதனால்தான் பொறித்த குழிக்கு நிறம் ஊட்டுகிறார்கள். அந்த நிறம் நிலைக்குமா, உதிருமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வதும் இந்தப் பொடிதான்.

கடைகளில் ‘சாலிட் சர்ஃபேஸ்’ என்று சொல்லப்படும் இந்தப் பலகை கிரானைட்டும் இல்லை, குவார்ட்ஸும் இல்லை. அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்லோகம் என்ற வேதியியலர் 1967-இல் உருவாக்கிய கோரியன்தான் இவ்வகையில் முதலாவது. அதன் சேர்மானம் எளிமையானது: எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிளாஸ்டிக், மீதி இரண்டு பங்கு அலுமினா ட்ரைஹைட்ரேட் என்ற வெண்ணிறக் கனிமத்தூள். நிறமி இரண்டோடும் சேர்ந்தே வார்க்கப்படுவதால் பலகையை எங்கே வெட்டினாலும் உள்ளே அதே நிறம்தான். சமையல் மேடைக்கு வழக்கமாகப் பயன்படுவது 12 மி.மீ. தடிமன்.

அந்தக் கனிமத்தூள் பாக்சைட்டிலிருந்து கிடைக்கிறது. 1888-இல் கார்ல் பேயர் காப்புரிமை பெற்ற முறையில், பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் கரைத்து, பிறகு படிய வைத்தால் இந்தத் தூள் இறங்கும். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூர் ஆலையில் அலுமினியமாக மாறிய காலத்தில், அதுவும் இந்த வெண்தூள் நிலையைக் கடந்தே உலோகமானது.

இனி லேசர். இந்த வேலைக்கு ஏற்றது கரியமில வாயு லேசர். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1938-இல் பிறந்த குமார் படேல், 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியது. அதன் கதிர் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்புக் கதிர்; கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் அக்ரிலிக்கூட இந்தக் கதிரைப் பொறுத்தவரை சுவர்தான்; தலைமுடியின் தடிமனைத் தாண்டுவதற்குள் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. உலோகத்தில் எண் பொறிக்க உதவும் ஃபைபர் லேசரின் அலைநீளம் இதில் பத்தில் ஒரு பங்கு. அது அக்ரிலிக்கை ஊடுருவிப் போய்விடும் என்பதால் இங்கே அவ்வளவாகப் பயன்படாது.

லென்ஸ் அந்தக் கதிரை ஏறத்தாழ 0.1 மி.மீ. அகலப் புள்ளியாகக் குவிக்கிறது. புள்ளி பட்ட இடத்தில் இரண்டு பொருள்களும் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

முதலில் அக்ரிலிக். இது மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்த சங்கிலி. பல பிளாஸ்டிக்குகள் கடுஞ்சூட்டில் கண்டபடி உடைந்து கருகும். அக்ரிலிக் அப்படிக் கருகுவதில்லை. நூல் அறுந்த மாலையிலிருந்து மணிகள் ஒவ்வொன்றாக உருள்வதுபோல, சங்கிலியின் முனையிலிருந்து மூலக்கூறுகள் வரிசையாகக் கழன்று, தாம் சேர்வதற்கு முன் எப்படி இருந்தனவோ அப்படியே ஆவியாகின்றன. மரப்பலகையில் லேசர் கருந்தடம் போடுவதும், அக்ரிலிக்கில் கரி படியாமல் வெட்டுவதும் இந்த வேறுபாட்டால்தான். அப்போது எழும் காரமான நெடி, பல்செட் செய்யும் ஆய்வகங்களில் வரும் அதே நெடி. இரண்டு இடத்திலும் காற்றில் இருப்பது மெத்தில் மெத்தாக்ரிலேட்தான்.

கனிமத்தூளின் போக்கு வேறு. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது தன் எடையில் 35 விழுக்காட்டை நீராவியாக வெளியே விடுகிறது. அதற்கு ஏராளமான வெப்பம் செலவாகும். மின்கம்பி உறைகளில் தீத்தடுப்பானாக இதைச் சேர்ப்பதும் இந்தக் குணத்துக்காகவே. நீர் போனபின் எஞ்சும் அலுமினா, 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். லேசருக்கு அசைந்துகொடுக்காமல் அங்கேயே பொடியாகக் கிடக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் பலகைப் பொருளைக் கதிர் முழுமையாகச் சுட்டால் அக்ரிலிக் 33 கிராம் ஆவியாகும், நீர் 23 கிராம் போகும், 44 கிராம் அலுமினா மிஞ்சும். உறிஞ்சு விசிறியும் காற்றுக்குழாயும் அதில் ஒரு பகுதியை அடித்துச் செல்லும். மீதி குழியின் அடியிலும் ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு கட்டத்துக்குமேல் கதிர் பலகையைச் சுடுவதற்குப் பதில் தான் உண்டாக்கிய பொடியையே சுட்டுக்கொண்டிருக்கும். 12 மி.மீ. தூய அக்ரிலிக்கை வெட்டும் எந்திரம் அதே தடிமன் கோரியனிடம் தோற்பது இதனால்தான். இந்தப் பலகையை வெட்டுவதற்குக் கணினி இயக்கும் சுழல்முனைக் கருவியான சிஎன்சி ரவுட்டர், பொறிப்பதற்கு லேசர்.

குழி தயாரானதும் பலர் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது. பொடியின் மேல் பூசிய பெயின்ட் பொடியைப் பிடித்துக்கொள்ளும், பலகையைப் பிடிக்காது. சில மாதங்களில் பொடியோடு சேர்ந்து பொருக்காகக் கழன்று வரும். மெல்லிய தூரிகையால் குழியைத் தேய்த்து, பொடியை வாக்குவம் கிளீனரால் இழுத்து, தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவைத்தபின் தொடங்குவதே சரி. சில நிமிடச் சலிப்பான வேலைதான். ஆனால் முழுத் தொழிலிலும் இதற்கு ஈடான முக்கியத்துவம் வேறெந்தப் படிக்கும் இல்லை.

நிரப்புவதற்கு மூன்று வழிகள் உண்டு. எளியது பெயின்ட். பலகைமேல் முதலிலேயே காகித மாஸ்கிங் டேப்பை ஒட்டி, டேப்போடு சேர்த்துப் பொறித்து, நிறம் அடித்து, டேப்பை உரித்துவிடலாம். பிவிசி டேப் கூடவே கூடாது. லேசர் பட்டால் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும், எந்திரமும் துருப்பிடிக்கும், நுரையீரலும் கெடும். பெயின்ட் பூச்சு மெல்லியது என்பதால் கை படாத பெயர்ப்பலகைக்குப் போதும். தினமும் துடைக்கும் சமையல் மேடைக்குத் தாங்காது.

இரண்டாவது, நிறமி கலந்த எபாக்சி. குழியை நிறைத்துக்கொண்டு கெட்டியாக உட்காரும். ஆனால் பலகையோடு அது வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. குழியின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. வெயில் பட்டால் மஞ்சளிக்கும். கடைகளில் கிடைக்கும் சாதாரண எபாக்சிகள் பல 60 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும் என்பதால் அடுப்பை ஒட்டிய இடத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கலக்கும்போது அவசரப்பட்டால் காற்றுக்குமிழ் சிக்கி, தேய்த்தபின் எழுத்தில் ஊசிமுனைத் துளைகளாகத் தெரியும்.

மூன்றாவது, இந்தப் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டவே தயாராகும் அக்ரிலிக் பசை. பலகைக்குப் பொருந்தும் பல நிறங்களில் குழல்களில் வருகிறது. இதன் திரவப் பகுதி வேறொன்றுமில்லை, லேசர் வெளியேற்றிய அதே மெத்தில் மெத்தாக்ரிலேட்தான். குழியில் விட்டதும் அது சுவரில் இருக்கும் அக்ரிலிக்கை ஊறவைத்துச் சற்று உள்ளே இறங்குகிறது. கூடச் சேர்த்த பெராக்சைடு வினையைத் தூண்ட, மூலக்கூறுகள் மறுபடியும் கைகோத்துச் சங்கிலியாகின்றன, அதுவும் பலகையின் பழைய சங்கிலிகளுக்கு இடையே பின்னிக்கொண்டு. லேசர் எந்த வினையைப் பின்னோக்கி ஓட்டிக் குழி பறித்ததோ, அதே வினை முன்னோக்கி ஓடிக் குழியை மூடுகிறது. நிரப்பிய பகுதி தனிப்பொருளாக நிற்காமல் பலகையின் அங்கமாகிவிடுவதைப் பார்க்கும்போது, ஒரே வினை இருபுறமும் ஓடுவதன் அழகு மனத்தை நிறைக்கிறது. இங்கேயும் பொடியைத் துடைக்காமல் விட்டால் பசை பலகையைத் தொடவே முடியாது. இத்தனை வேதியியலும் வீண்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மெத்தில் மெத்தாக்ரிலேட் சங்கிலியாகும்போது கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். பசையில் ஏற்கெனவே சங்கிலியான அக்ரிலிக்கையும் கலந்திருப்பதால் சுருக்கம் அவ்வளவு இராது, ஆனாலும் இருக்கும். ஆகவே குழியின் விளிம்புக்கு மேலே மேடாகவே நிரப்ப வேண்டும். நன்றாக இறுகியபின் உப்புத்தாளால் சமப்படுத்தலாம்: 180, 240, 320 என்று படிப்படியாக நைசுக்குப் போய், கடைசியில் ஸ்காட்ச்பிரைட்டால் மெருகு. பலகை உள்ளேயும் அதே நிறம் என்பதால் கூச்சமில்லாமல் தேய்க்கலாம். அச்சிட்ட மேல்தாள் கொண்ட லாமினேட்டில் இதைச் செய்ய நினைத்தால் நிறமே போய்விடும்.

இந்தத் தேய்ப்பை எண்ணியே குழியின் ஆழத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. கத்திக் கீறல் விழுந்த மேடையை வருடங்கள் கழித்து மறுபடி தேய்த்துப் புதுப்பிப்பது இந்தப் பொருளின் வழக்கம். ஒவ்வொரு தேய்ப்பிலும் எழுத்தும் சற்றுக் கரையும். அரை மில்லிமீட்டராவது ஆழம் இருந்தால்தான் எழுத்து அந்தத் தேய்ப்புகளைத் தாக்குப்பிடிக்கும். ஒரே பலமான ஓட்டத்தில் அந்த ஆழத்தை எட்டப் பார்த்தால் ஓரங்கள் சூட்டில் இளகி மழுங்கும்; மிதமான சக்தியில் பல ஓட்டங்கள், இடையிடையே பொடி நீக்கம் என்று போனால் விளிம்பு கூர்மையாக வரும்.

தமிழ் எழுத்துக்கு லேசர், ரவுட்டரைவிட நல்ல கருவி. சுழலும் ரவுட்டர் முனை உள்மூலைகளைத் தன் விட்டத்துக்கு ஏற்ப உருட்டிவிடும், 0.1 மி.மீ. ஒளிப்புள்ளிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் இ, ண, மு போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் பலகையின் சிறு தீவு எஞ்சும். எழுத்தளவு சிறிதானால் அந்தத் தீவு தேய்க்கும்போது பெயர்ந்துவிடும். மாஸ்கிங் டேப் முறையிலோ, தீவின் மேலிருக்கும் டேப் துணுக்கைக் காற்றுக்குழாயே ஊதித் தள்ளிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படித்தான். சிறு குழியில் பசைக்குப் பிடிமானம் குறைவு. சுழிகள் அகன்ற, புள்ளி பெரிய எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வேலை செய்பவரின் மூச்சைப் பற்றியும் பேச வேண்டும். மெத்தில் மெத்தாக்ரிலேட் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், தோலில் ஒவ்வாமை தரும், எளிதில் தீப்பிடிக்கும். ஓடும் எந்திரத்தைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. உறிஞ்சுக்குழாய் கட்டடத்துக்கு வெளியே முடிய வேண்டும். ஆவிக்கு அடுத்தது தூசு. குவார்ட்ஸ் பலகையை அறுப்பவர்களைச் சிலிக்கா தூசு கொல்கிறது. அதனால் ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அந்தப் பலகையையே தடை செய்தது. கோரியனில் அந்த அளவு சிலிக்கா அபாயம் இல்லை. ஆனாலும், பல ஆண்டுகள் கோரியன் தூசைச் சுவாசித்த ஒருவருக்கு நுரையீரல் தழும்பு நோய் வந்ததை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் 2014-இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒற்றை நோயாளியின் பதிவு என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. துணியைக் கட்டிக்கொண்டு தேய்ப்பது போதாது. நுண்தூசைத் தடுக்கும் என்95 போன்ற முகக்கவசம் வேண்டும். தண்ணீர் தெளித்துக்கொண்டே தேய்த்தால் தூசு பறக்காமல் கூழாகப் பலகைமேலேயே நிற்கும். கூழ் காய்வதற்குள் வழித்தெடுத்துவிட வேண்டும்.